எப்போ கூப்பிட்டீங்க, சிஸ்டர்?

எங்கள் பழைய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். ஆம்பூரில் நான் வேலை பார்த்த அதே கேஷுவால்டியில் இப்போது அவள் சீனியர் நர்ஸ். சுவருக்குச் சுவர் சிவப்பு பட்டன் வைத்திருக்கிறார்களாம். யாருக்காவது இதயம் நின்றுபோனால் பட்டனை அமுக்க வேண்டும். மாடியிலிருந்து டாக்டர்கள், மிஷின், மருந்துப் பெட்டி எல்லாம் சேர்ந்து இறங்கி வரும். பட்டன் வந்து மாதக்கணக்காகியும் புதிதாகச் சேர்ந்த நர்ஸுப் பிள்ளைகள் அதை அமுக்கத் தயங்குகிறார்கள் என்றாள். "எப்போ அமுக்கணும்னு நீங்க ஒரு நாள் வந்து பேசுங்கம்மா. நீங்க சொன்னா கேப்பாங்க."

நான் சொல்லி யார் கேட்டிருக்கிறார்கள்? என் முழங்காலே என் பேச்சைக் கேட்பதில்லை. மேடை ஏறிப் பேசும் தெம்பெல்லாம் எனக்கு இல்லை, வேண்டுமானால் எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு இரண்டு வாரம் பேனாவைத் தொடவில்லை. ஓய்வு பெற்ற பிறகு இந்த விஷயத்தை நினைக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். நினைத்தால் களைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

நான் நர்ஸிங் படித்தது வேலூர்ப் பக்கம். படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ரப்பர் பொம்மையைத் தரையில் போட்டு அதன் நெஞ்சை அழுத்தக் கற்றுக் கொடுத்தார்கள். நான் நன்றாக அழுத்தியதாகச் சொன்னார்கள். பொம்மைக்கு மனைவி மக்கள் கிடையாது, வாசலில் நின்று யாரும் அழ மாட்டார்கள், அதனால் எல்லோருமே நன்றாகத்தான் அழுத்தினோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆம்பூரில் வேலைக்குச் சேர்ந்தேன்.

சின்ன ஆஸ்பத்திரி. கீழே கேஷுவால்டி, வெளிநோயாளிப் பிரிவு. மேலே ஆபரேஷன் தியேட்டரும் வார்டுகளும். லிப்ட் இல்லை. ஸ்ட்ரெச்சர் போக ஒரு சரிவுப் பாதை உண்டு, மழை நாளில் அதில் வழுக்கும். தோல் பதனிடுகிற ஷாப்பிலிருந்து ஆள் வந்தால் ஆளுக்கு முன்னால் வாசனை வந்துவிடும். கையில் சுண்ணாம்புப் புண், மிஷினில் நசுங்கிய விரல், ஷூ கம்பெனியில் பசை நெடிக்கு மயங்கிய பெண்கள். இவையெல்லாம் தினசரி வரவு. இதயம் நின்றவர்கள் எப்போதாவதுதான் வருவார்கள். வந்தால் பெரும்பாலும் நின்று வெகுநேரம் ஆகியிருக்கும்.

காரணம் ஒன்றுதான். ஆம்பூர்க்காரருக்கு உயிர் போகிற அவசரம் என்றால் வேலூர். எங்கள் வாசலைத் தாண்டித்தான் வண்டி போகும், உள்ளே திரும்பாது. 'வேலூர் கொண்டு போய்ட்டா பொழைச்சுக்குவான்' என்பது இங்கே வேதவாக்கு. வேலூர் ஆஸ்பத்திரிகள் பெரியவைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அன்றைய ரோட்டில் மாதனூர், பள்ளிகொண்டா எல்லாம் தாண்டி அங்கே போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நின்ற இதயம் அதுவரைக்கும் காத்திருக்காது. நூற்றெட்டு ஆம்புலன்ஸ் எல்லாம் வராத காலம். மூச்சு கொடுக்கக்கூட ஆள் இல்லாமல், மடியில் தலையை வைத்துக்கொண்டு போவார்கள்.

இந்த வேதவாக்கைப் பற்றி எங்கள் டாக்டர் சாமுவேல் ஒரே வரியில் சொல்வார். "வேலூர் நல்ல ஊரு. இதயம் அடிக்கிறவங்க தாராளமா போகலாம்."

டாக்டர் சாமுவேல்தான் எங்களுக்கு எல்லாம். மயக்க மருந்து டாக்டர் அவர் ஒருவர்தான். தியேட்டரில் நோயாளியைத் தூங்க வைப்பதும் அவர், கீழே யாருக்காவது இதயம் நின்றால் வந்து மூச்சுக்குழாயில் டியூப் போடுவதும் அவர். ஷாக் கொடுக்கிற மிஷினும் ஒன்றே ஒன்று. அது தியேட்டரில் இருந்தது. டாக்டர் இறங்கி வந்தால் மிஷினும் கூடவே சரிவுப் பாதையில் உருண்டு வரும். ஆகவே எங்கள் ஊரில் மேல் சிகிச்சை என்றால் இந்த ஒரு மனிதரும் அந்த ஒரு பெட்டியும்தான்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கூட்டுகிறவரைக்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவார். கூப்பிட்டால் ஓடி வர மாட்டார், வேகமாக நடந்து வருவார். "ஓடி வந்தா கை நடுங்கும், நடுங்குற கையால டியூப் போட முடியாது" என்பார். வந்ததும் யார் முகத்தையும் பார்க்காமல் நோயாளியின் கழுத்தில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு நிற்பார். சுற்றியிருக்கிற நாங்கள் மூச்சு விடக்கூட பயப்படுவோம். பிறகு, "அழுத்தறவங்க நிறுத்தாதீங்க, மத்தவங்க கொஞ்சம் தள்ளுங்க" என்பார். அதற்கப்புறம் தேவையானதற்கு மட்டும் வாய் திறப்பார்.

எல்லாம் முடிந்ததும் டீ வரும். பிழைத்தாலும் டீ, செத்தாலும் டீ. அந்தக் கேஸில் கை வைத்த எல்லோரும் தியேட்டரை ஒட்டிய அவர் அறையில் நின்றபடி குடிக்க வேண்டும். அட்டெண்டர் முனுசாமிதான் டீ வாங்கி வருவார். டம்ளர் சூடு ஆறுவதற்குள் டாக்டர் மூன்று கேள்வி கேட்பார். எப்போ விழுந்தாரு? எப்போ அழுத்த ஆரம்பிச்சீங்க? என்னை எப்போ கூப்பிட்டீங்க? இந்த மூன்றுக்கும் இடையில் சந்து இருந்தால் நாலாவதாக ஒன்று கேட்பார். "நடுவுல என்ன நடந்துச்சு?"

திட்ட மாட்டார். திட்டியிருந்தால் தேவலை. திட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் அவரைத் திருப்பித் திட்டிவிட்டுத் தூங்கலாம். இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் தூங்க முடியாது.

நான் சேர்ந்த புதிதில் அவர் அந்த நாலாவது கேள்வியைக் கேட்டது ஒரு ஷூ கம்பெனி ஆளைப் பற்றி. நெஞ்சு வலி என்று நடந்தே வந்தவர், எங்கள் பெஞ்சில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார். கேஷுவால்டி டாக்டர் ஒருவர் இருந்தார், நாங்கள் நர்ஸுகள் இருந்தோம். அழுத்தினோம், மூச்சு கொடுக்கிற பையைப் பிடித்தோம், ஊசி போட்டோம், மறுபடியும் போட்டோம். எங்கள் கையில் இருந்ததெல்லாம் தீர்ந்த பிறகுதான் மேலே ஆள் அனுப்பினோம். டாக்டர் சாமுவேல் மிஷினோடு வந்தபோது திரையில் நேர்கோடு. நேர்கோட்டுக்கு ஷாக் கொடுத்துப் பயனில்லை. இதயம் தாறுமாறாகத் துடிக்கிற போதுதான் ஷாக் அதை நிறுத்தி ஒழுங்குக்குக் கொண்டுவரும். அந்த நேரத்தை நாங்கள் ஊசி போட்டே கழித்திருந்தோம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

டீ வந்தது. மூன்று கேள்வியும் வந்தது. பிறகு, "நடுவுல என்ன நடந்துச்சு?" என்றார்.

எல்லோரும் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் முனுசாமிதான் சொன்னார். "உங்களுக்கு சாப்பாட்டு டைம் சார். பாதி சாப்பாட்டுல எழுப்பக் கூடாதுன்னு கம்முனு இருந்துட்டோம்."

டாக்டர் தன் மேசையில் இருந்த டிபன் கேரியரைப் பார்த்தார். பாதி சாப்பிட்டு மூடி வைத்திருந்தார். "அவரு பொண்டாட்டிகிட்ட இதைச் சொல்லிட்டு வரட்டுமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே, "வேணாம், அந்தம்மா பாவம்" என்றார். அப்புறம் எங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு சட்டம் போட்டார். "கடைசியா கூப்பிட நான் ஒண்ணும் பாதிரியார் இல்லை. நெஞ்சுல கை வெக்கும்போதே வாயில என் பேரு வரணும். சாப்பிட்டாலும் சரி, ஜெபம் பண்ணாலும் சரி. கூப்பிட்டுட்டு நான் வர்றதுக்குள்ள அவரு எழுந்து உக்காந்துட்டா, எல்லாருக்கும் நான் டீ வாங்கித் தரேன்."

சட்டம் சுலபமாகத்தான் இருந்தது. அதன் விலை பின்னால்தான் தெரிந்தது. சில வருஷம் கழித்து, தோல் சீவுகிற மிஷினில் கரண்ட் அடித்த ஒருவனைக் கொண்டுவந்தார்கள். சின்ன வயது. தண்ணீரில் நின்றபடி சுவிட்சைத் தொட்டிருக்கிறான். மேலே டாக்டர் சாமுவேல் ஒருவருக்கு முதுகில் ஊசி போட்டு குடலிறக்க ஆபரேஷனுக்கு உட்கார்ந்திருந்தார். அங்கே வயிறு திறந்திருக்கிறது, மயக்க மருந்து டாக்டர் எழுந்து போகக்கூடாது. இது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கூப்பிட்டேன். கூப்பிடாமல் இருக்க வேண்டியது என் வேலை இல்லை, வருவதா வேண்டாமா என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

வந்தார். முதல் ஷாக்கிலேயே இதயம் ஒழுங்குக்கு வந்தது. கழுத்தில் வைத்த விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மேலே போனார். மேலே இருந்தவர், "டாக்டர் எங்கே போய்ட்டாரு?" என்று சர்ஜனிடம் இரண்டு தடவை கேட்டாராம், வேறொன்றும் ஆகவில்லை. அன்றைய டீயில் நான் கொஞ்சம் தெம்பாகவே நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நீங்க கூப்பிட்டது சரி சிஸ்டர். நான் வந்தது சரியான்னு எனக்குத் தெரியலை. மேல இருக்கிறவருக்கு இன்னைக்கு நேரம் நல்லா இருந்துச்சு" என்றார். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. ஒரு உயிர் திரும்பி வந்திருக்கிறது, ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் என்ன என்று இருந்தது. இப்போது யோசித்தால், அந்தச் சந்தேகத்தை அவர் தன்னோடு வைத்துக்கொண்டு எனக்கு 'சரி'யை மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இனி முனுசாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரும் முன்பு தோல் ஷாப்பில் வேலை செய்தவர்தான். சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று கால் வெடித்து, எங்களிடம் வைத்தியத்துக்கு வந்து, அப்படியே அட்டெண்டராகச் சேர்ந்துவிட்டார். டாக்டர் சாமுவேல் என்றால் அவருக்கு உயிர். டாக்டரின் செருப்பை யாராவது தாண்டிப் போனால்கூட அவருக்குப் பொறுக்காது. தியேட்டர் சாவிக்கொத்து அவர் இடுப்பில்தான் தொங்கும். அவர் நடந்து வந்தால் சத்தத்திலேயே தெரியும், நாங்கள் அவரைக் கோயில் யானை என்று கேலி செய்வோம். "யானைக்கு மணி இருந்தா உங்களுக்கு இன்னா சிஸ்டர் கஷ்டம்" என்பார்.

ரோட்டை நாலு வழியாக அகலப்படுத்திக் கொண்டிருந்த சமயம். ஒரு நாள் மதியம். தியேட்டர் வேலை சீக்கிரம் முடிந்து, பூட்டியாகிவிட்டது. டாக்டர் தன் அறையில் உட்கார்ந்திருந்தார். முனுசாமி வழக்கம் போல டீ கொண்டு போனார். பிறகு நடந்ததை அவரே பலமுறை எனக்குச் சொல்லியிருக்கிறார். நான் கேட்டும் சொல்லியிருக்கிறார், கேட்காமலும் சொல்லியிருக்கிறார்.

அவர் டீயை மேசையில் வைத்தபோது டாக்டர் நாற்காலியிலிருந்து சரிந்து கொண்டிருந்தார். கண் மேலே சொருகியது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. பார்த்ததும் முனுசாமிக்கு மனதில் பட்டது ஒன்றுதான். வலிப்பு. எங்கள் பக்கம் வலிப்புக்கு என்ன செய்வார்கள் என்று உலகத்துக்கே தெரியும். இரும்பைக் கையில் கொடுப்பார்கள், தோலை மூக்கில் காட்டுவார்கள். தோல் ஷாப்பில் இது இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி. அங்கே தோலுக்குப் பஞ்சமா. முனுசாமி இடுப்புச் சாவிக்கொத்தை எடுத்து டாக்டரின் கையில் திணித்து விரல்களை மடக்கினார். தன் தோல் செருப்பைக் கழற்றி மூக்கருகே பிடித்தார். இழுப்பு நின்றது.

நிற்கத்தான் செய்யும். இதயம் நின்ற முதல் சில நொடிகளில் மூளைக்கு ரத்தம் போகாமல் சிலருக்கு அப்படி வெட்டி இழுக்கும், பிறகு தானே அடங்கும். அதற்கப்புறம் குறட்டை மாதிரி ஒரு மூச்சு, விட்டு விட்டு வரும். அது மூச்சே இல்லை. கரையில் போட்ட மீன் வாயைத் திறப்பது போல உடம்பு கடைசியாகத் திறந்து பார்ப்பது. முனுசாமிக்கு அது தூக்கமாகத் தெரிந்தது. வலிப்பு வந்தவர்கள் அடங்கியதும் அசந்து தூங்குவார்களே, அந்தத் தூக்கம்.

இதோடு நிறுத்தியிருந்தால் வெளியே வந்து யாரிடமாவது சொல்லியிருப்பார். அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார்.

ஏன் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். இங்கே இருப்பவர்களுக்குக் கேட்கத் தோன்றாது. ஒரு வீட்டில் வலிப்பு இருக்கிறது என்று பேச்சு வந்துவிட்டால் அந்த வீட்டில் பெண் எடுக்க ஆள் வர மாட்டார்கள். டாக்டருக்கு இரண்டு பெண்கள். பெரியவளுக்கு அப்போதுதான் வரன் பேசிக் கொண்டிருந்தார்கள். அதோடு, பிட்ஸ் வருகிற டாக்டர் கையில் மயக்க ஊசிக்கு எவன் படுப்பான். முனுசாமி இதையெல்லாம் யோசித்தார். கதவைச் சாத்திவிட்டு, தரையில் உட்கார்ந்து, டாக்டர் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, எழட்டும் என்று காத்திருந்தார். அவருடைய மானத்தைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்துக் கொண்டிருந்தார்.

எனக்குத் தியேட்டர் மருந்து அலமாரியிலிருந்து ஒன்று தேவைப்பட்டது. சாவியைத் தேடி மேலே போனேன். முனுசாமியைக் காணோம். டாக்டர் அறைக் கதவைத் தட்டினேன். "அப்பாலிக்கா வாங்க சிஸ்டர், சார் தூங்கினு இருக்காரு" என்று உள்ளேயிருந்து முனுசாமி குரல் வந்தது. டாக்டர் சாமுவேல் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. கதவைத் தள்ளினேன்.

முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அந்த நிறத்துக்குப் பெயர் கிடையாது, பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கழுத்தில் விரலை வைத்தேன், ஒன்றும் இல்லை. மேசையில் இருந்த டீயில் ஆடை கட்டியிருந்தது.

நெஞ்சில் கை வைத்தேன். சட்டப்படி வாயில் அவர் பெயர் வந்தது. "டாக்டர் சாமுவேலைக் கூப்பிடுங்க" என்று கத்தியேவிட்டேன். அவர் மேலேயே அழுத்திக்கொண்டு அவரைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினேன். முனுசாமி என்னைப் பார்த்தார். எனக்கே உறைத்தது. வாழ்நாளில் அவ்வளவு தனியாக நான் இருந்ததில்லை.

அப்புறம் ஆட்கள் வந்தார்கள். கேஷுவால்டியில் அன்றைக்கு டாக்டர் கீதா. படிப்பு முடித்து அதிக நாள் ஆகாத பெண். அவள் பின்னாலேயே எதிர்க் கடை ஜாபர் பாயும் வந்துவிட்டார். மருந்துக் கடை வைத்திருந்தார், ஆஸ்பத்திரி அவசரத்துக்கெல்லாம் அவருடைய மாருதி வேன்தான் ஓடும். டாக்டருடைய தோஸ்த் வேறு. விஷயம் தெரிந்ததுமே வேனைச் சரிவுப் பாதைக்குக் கீழே கொண்டுவந்து பின்கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் மேலே ஏறினார்.

"வேலூர் போய்டலாம் சிஸ்டர். தூக்குங்க. லேட் பண்ணாதீங்க" என்றார். ஆள் அழுதுகொண்டிருந்தார்.

வாசலில் நின்ற எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். வேலூர், வேலூர். கீதாவும், "சிஸ்டர், இங்க சார்தான் எல்லாம் பண்ணுவாரு. சாரே இப்படி இருக்கும்போது நாம என்ன பண்ண முடியும்? அனுப்பிடலாமா?" என்றாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவள் சொன்னது நியாயம். டியூப் போடத் தெரிந்த ஆள் தரையில் கிடக்கிறார். நான் வேண்டாம் என்று சொல்லி, அவர் இங்கேயே போய்விட்டால், 'வேலூர் கொண்டு போகாமல் கொன்றுவிட்டாள்' என்று ஆம்பூர் முழுக்கப் பேசும். அவர் மனைவி முகத்தில் நான் எப்படி விழிப்பேன். தூக்கி வேனில் ஏற்றிவிட்டால் யாரும் என்னை ஒன்றும் கேட்க மாட்டார்கள். அழுத்தியபடியே இதையெல்லாம் யோசித்தேன். கை பாட்டுக்கு அழுத்துகிறது, மனசு பாட்டுக்குக் கணக்குப் போடுகிறது.

"பாய், வேலூர் நல்ல ஊரு" என்றேன். "இதயம் அடிக்கிறவங்க போகலாம். இவருக்கு அடிக்கலை."

ஜாபர் பாய்க்கு அது யார் சொன்ன வாக்கியம் என்று தெரியும். வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே சுவர் ஓரம் நகர்ந்துவிட்டார்.

மிஷின் பக்கத்து அறையில் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம். தியேட்டர் பூட்டியிருந்தது. "சாவி" என்றேன். முனுசாமி இடுப்பைத் தடவினார். பிறகு அவருக்கு ஞாபகம் வந்து, அழுதபடியே டாக்டரின் கையைப் பிடித்தார். சாவிக்கொத்து அவர் விரல்களுக்குள் இருந்தது. முனுசாமி ஒவ்வொரு விரலாக விரித்து எடுத்தார்.

மிஷின் உருண்டு வந்தது. திரையில் கோடு தாறுமாறாகக் குதித்தது. நேர்கோடு இல்லை. அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது, ஏனென்றால் அதற்கு இன்னும் வழி இருக்கிறது. கீதா மிஷினின் இரண்டு தகடுகளையும் கையில் எடுத்தாள். அதுவரை அவள் யாருக்கும் ஷாக் கொடுத்ததில்லை, டாக்டர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். கை நடுங்கியது. ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள், நடுக்கம் நின்றது. "எல்லாரும் தள்ளுங்க" என்றாள். அதுவும் அவர் சொல்கிற மாதிரியேதான். முதல் ஷாக்குக்கு ஒன்றுமில்லை. மறுபடியும் அழுத்தினேன். மூன்றாவதுக்கு அப்புறம்தான் கழுத்தில் துடிப்பு வந்தது. என் விரலுக்கு அடியில் அது வந்ததை நான் சொல்லி விளக்க முடியாது.

அதற்கப்புறம்தான் வேலூர் போனோம். ஜாபர் பாய் ஓட்டினார். தோண்டிப் போட்ட ரோட்டில் வேன் தூக்கித் தூக்கிப் போட்டது. கீதாவும் நானும் மாறி மாறி மூச்சுப் பையை அமுக்கிக்கொண்டே போனோம். முனுசாமியை ஏற்றிக்கொள்ள இடம் இல்லை. செருப்பில்லாமல் சரிவுப் பாதையில் நின்றுகொண்டிருந்தார்.

டாக்டர் பிழைத்தார். வாரக்கணக்கில் வேலூரில் கிடந்து, நடந்தே வீட்டுக்கு வந்தார். ஊரே மெச்சியது. பெரிய பெண்ணின் கல்யாணம் நடந்தது, அவரே கையைப் பிடித்து ஆலயத்துக்குள் அழைத்துப் போனார். கல்யாணம் நடந்தது மறுநாள் அவருக்குத் தெரியவில்லை. டீயில் ஆடை கட்டிய அந்த நேரம் மூளையில் ஒன்றைக் கொண்டு போயிருந்தது. பழையதெல்லாம் அப்படியே இருந்தது. மருந்தின் பெயர், அளவு, எங்கள் எல்லோருடைய பெயர், எல்லாம் இருந்தது. புதிதாக எதுவும் தங்கவில்லை. காலையில் சொன்னது மத்தியானத்துக்கு இல்லை. அவர் மறுபடி தியேட்டருக்குள் நுழையவில்லை. குடும்பம் வேலூரை ஒட்டிய சத்துவாச்சாரியில் ஒரு வீட்டுக்குப் போய்விட்டது.

நான் மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும், பஸ் பிடித்துப் போவேன். என்னைப் பார்த்ததும் முகம் மலரும். "வாங்க சிஸ்டர். இன்னைக்கு என்ன கேஸ்?" என்பார். அவருக்கு அது எப்போதும் ஆஸ்பத்திரியில் ஒரு மதியம்தான். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைப்பார். டீயைப் பார்த்ததும் மூன்று கேள்வியும் வரும்.

முதல் தடவை நான் உண்மையைச் சொன்னேன். விழுந்தது நீங்கள்தான் சார் என்றேன். அவர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அழுதார். அடுத்த மாதம் போனபோது ஒன்றும் நினைவில்லை, மறுபடி கேட்டார். அந்த அழுகையை ஒவ்வொரு மாதமும் அவருக்குக் கொடுக்க என்னால் முடியாது. அதிலிருந்து, "ஐம்பது வயசு ஆம்பளை சார்" என்று ஆரம்பித்துவிடுவேன். முழுக்கக் கேட்டுக்கொள்வார். கடைசியில், "நடுவுல என்ன நடந்துச்சு?" என்பார். வலிப்புன்னு நெனைச்சிட்டாங்க சார் என்று மட்டும் சொல்வேன். "பாவம்" என்பார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்டதில்லை.

முனுசாமி அந்த நாளுக்குப் பிறகு தியேட்டர் பக்கம் வரவில்லை. சாவியை ஒப்படைத்துவிட்டுத் துணி துவைக்கிற இடத்துக்கு மாற்றிக்கொண்டார். அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை. சத்துவாச்சாரிக்குப் பல தடவை என்னோடு வந்திருக்கிறார். பஸ்ஸில் வருவார், வீட்டு கேட் வரை வருவார், உள்ளே வர மாட்டார். "நீங்க போய்ட்டு வாங்க சிஸ்டர், நான் இங்க நிக்கிறேன்" என்பார். வெயிலோ மழையோ, நான் திரும்பி வரும்வரை நிற்பார். வந்ததும், "சார் இன்னா கேட்டாரு?" என்பார். அதேதான் கேட்டாரு என்பேன். இப்படி வருஷக்கணக்கில் ஓடியது. ஒரு கட்டத்தில் எனக்கே அலுத்துவிட்டது. கேட்கிறவருக்கு ஒவ்வொரு முறையும் புதிது, வெளியே நிற்கிறவருக்கு ஒரு நாளும் பழசாகவில்லை, நடுவில் நான்.

முனுசாமி ஓய்வு பெற்ற மாதம், கேட்டருகே நின்று, "இன்னைக்கு நானும் வர்றேன்" என்றார். செருப்பை வெளியிலேயே கழற்றிவிட்டு வந்தார். டாக்டர் அவரை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "வாங்க முனுசாமி, சாவி சத்தத்தையே காணோமே" என்றார். முனுசாமி சுவரோடு ஒட்டி நின்றார். டீ வந்தது. கேள்விகள் வந்தன. நான் வழக்கம் போலச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"நடுவுல என்ன நடந்துச்சு?" என்றார் டாக்டர்.

நான் வாயைத் திறப்பதற்குள் முனுசாமி முந்திக்கொண்டார். "நான்தான் சார். பிட்ஸுன்னு நெனைச்சு கையில சாவியக் குடுத்தேன். கதவையும் சாத்திட்டேன்."

"கதவை எதுக்குச் சாத்தினீங்க?"

"நாலு பேரு பார்த்தா அவரு மானம் போய்டும்னு சார். பொண்ணுங்க இருக்குதே அவருக்கு."

டாக்டர் அவர் முகத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்கே அவருக்கு எல்லாம் தெரிந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"ரொம்பப் பிரியமான ஆளா அவரு, உங்களுக்கு?" என்று கேட்டார்.

முனுசாமி ஆமென்று தலையை ஆட்டினார்.

"அதான் பயந்துட்டீங்க. தப்பில்லை, மனுஷனுக்கு வர்றதுதான்" என்றார் டாக்டர். "அடுத்த தடவை கதவைத் தெறந்து வெச்சிட்டு உடனே என்னைக் கூப்பிடுங்க. நான் பக்கத்துலதான் இருப்பேன். சாப்பிட்டுட்டு இருந்தாலும் பரவாயில்லை."

"சரி சார்" என்றார் முனுசாமி.

நானும் அவரும் வெளியே வந்து பஸ் ஏறினோம். பட்டனை எப்போது அமுக்க வேண்டும் என்று கேட்ட பெண்ணே, உனக்கு நான் சொல்ல வேண்டியது டாக்டர் சொன்னதுதான், அதற்கு மேல் என்னிடம் எதுவும் இல்லை. கூப்பிட ஆள் இருக்கும்போதே கூப்பிட்டுவிடுங்கள். பஸ் பள்ளிகொண்டா தாண்டும் வரை முனுசாமி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "யாரை சிஸ்டர் கூப்பிடறது?" என்று கேட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், ஆம்பூர் வரும்வரை விடவில்லை.